மகசூல் போன பிறகு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் விதை, உரம், ரகம் பற்றிக் கேட்டவை சொற்பம். நஷ்டம் பற்றி எழுதியவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக வேலை பார்த்தவள், மன்னார்குடிக்குக் கிழக்கே கடைமடையில் கொஞ்சம் நிலம் வைத்துப் பாடுபடுகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஆறுதல் வார்த்தை எனக்குச் சரளமாக வராது. கணக்குப் பார்க்கத் தெரியும்.

கேள்வி: அம்மா, எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர், கோயில் நிலம் குத்தகைக்கு இரண்டு ஏக்கர். மூன்றிலும் சம்பா. அறுப்புக்கு மெஷின் சொல்லி வைத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பயிர் படுத்துவிட்டது. தண்ணீர் வடியவில்லை, கதிர் முளைவிடத் தொடங்கிவிட்டது. அன்று முதல் என் வீட்டுக்காரர் வயல் பக்கமே போவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், பேசுவதில்லை. இரவில் தூங்குவதும் இல்லை. இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறோம். கடன் மொத்தம் எவ்வளவு என்று எனக்கு முழுதாகத் தெரியாது. நான் முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: முதலில் வயலுக்குப் போங்கள், மகளே. அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். நீங்கள் போங்கள், கூட மைத்துனரோ பக்கத்து வயல்காரரோ வரட்டும். "எல்லாம் போய்விட்டது" என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறோமே, அது பெரும்பாலும் சரியான கணக்காக இருப்பதில்லை. மூன்று ஏக்கர் என்றால் எங்கள் பக்கத்து நில அளவில் ஒன்பது மா. ஒவ்வொரு மாவாக வரப்பில் நடந்து பாருங்கள். எங்கே பயிர் நிற்கிறது, எங்கே சாய்ந்து தண்ணீருக்கு மேலே இருக்கிறது, எங்கே சேற்றோடு கிடக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். படுத்த இடத்தில் ஒரு கைப்பிடிக் கதிரை அடியிலிருந்து தூக்கிப் பாருங்கள். மேலே வெயில் பட்ட மணி நல்ல நிறமாகவே இருக்கும். கீழே சேற்றில் ஒட்டியிருந்த மணியின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும், கிள்ளினால் அரிசி மாவாக நசுங்கும். ஒரு கைப்பிடியில் அப்படி எத்தனை மணி என்று எண்ணிவிட்டால் அந்த ஒரு மா நிலத்தின் கதை தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். சேதமடைந்த, நிறம் மாறிய, முளைத்த, வண்டரித்த மணிகள் எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெருமழைக் காலங்களில் ஈரப்பதத்தை மத்திய அரசு தளர்த்துவது உண்டு. ஆனால் தளர்த்தும் உத்தரவு வருவதற்குள் நெல் களத்தில் கிடந்து பாழாகும். நல்ல மாவில் அறுத்ததையும் முளைத்த மாவில் அறுத்ததையும் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து தள்ளுபடியாகும். தனியாக அறுங்கள், தனியாகக் காய வையுங்கள். சேற்று வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை, படுத்த பயிரில் அது ஊர்ந்துதான் போகும். ஆகவே சேற்றோடு கிடக்கும் மாக்களில், கிடைக்கும் மூட்டையின் விலை வண்டி வாடகையைத் தாண்டுமா என்று மட்டும் பாருங்கள். தாண்டாது என்றால் அந்த மாவை விட்டுவிடுங்கள். உழுது நட்ட வயலை அறுக்காமல் விடக் கூடாது என்று மாமியார் சொல்லக்கூடும். அந்த மூத்தவருக்கு மரியாதை கொடுங்கள், ஆனால் வண்டி வாடகையை அவரா கொடுக்கப் போகிறார்?

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். சம்பாவுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். பலரும் நினைப்பதுபோல உங்கள் வயலை மட்டும் பார்த்து அந்தப் பணம் வருவதில்லை. உங்கள் வருவாய்க் கிராமத்தில் அதிகாரிகள் சில வயல்களைத் தேர்ந்தெடுத்துப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்வார்கள். அதில் கிடைக்கும் சராசரி மகசூல், ஊரின் பழைய ஆண்டுகளின் மகசூலை வைத்து நிர்ணயித்த அளவைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் எல்லோருக்கும் இழப்பீடு. உங்கள் வயல் முழுகி ஊர் வயல் தப்பியிருந்தால் ஒன்றும் வராமல் போகலாம். நெல் வயல் மூழ்கியதைத் தனி வயல் அளவில் கணக்கெடுக்கும் முறையை 2018இல் நீக்கினார்கள். 2026 காரிப் பருவம் (மழைக்காலச் சாகுபடிப் பருவம்) முதல் மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நெல்லை அறுத்து வயலில் காயப் போட்டிருக்கும்போது புயலோ பருவம் தவறிய மழையோ வந்தால், அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரை தனி வயலுக்கே இழப்பீடு உண்டு. இப்படித் தனி வயல் அளவில் கேட்பது எதற்கும் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும். இந்த 72 மணி நேரத்தைத் திண்ணையில் கழித்தவர்களின் மனுக்களைச் சங்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மனு நியாயமாகவே இருக்கும், தேதிதான் தப்பாக இருக்கும்.

அரசு நிவாரணம் வேறு, இன்சூரன்ஸ் வேறு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறையினரும் கணக்கெடுத்தால் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறும். பாசன நிலத்துக்கு 2022இல் வகுத்த பேரிடர் நிதி விதிப்படி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். 2023 பிப்ரவரி மழையில் அறுவடைக்கு நின்ற நெல் பாழானபோது தமிழக அரசு 20,000 கொடுத்தது. ஏக்கருக்குப் பிரித்துப் பார்த்தால் சாகுபடிச் செலவில் ஒரு மூலைக்குத்தான் காணும், ஆனாலும் உங்கள் பணம். கோயில் நிலம் இரண்டு ஏக்கருக்கும் அடங்கல், அதாவது யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவு, உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சாகுபடி செய்கிறவர் பெயர் அடங்கலில் இல்லையென்றால் பட்டியலில் எப்படி ஏறும்?

கடன் விஷயம். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை, தாண்டினால் வட்டி ஓட ஆரம்பிக்கும். அரசு இயற்கைச் சேதம் என்று அறிவித்த பகுதியில் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தர வழி இருக்கிறது. அதைத் தவணை தேதிக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். சங்கம், பேங்க், நகைக்கடன், மகளிர் குழு, உரக்கடை பாக்கி, கைமாற்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டியது உங்கள் வேலை. இரவு சாப்பாடு முடிந்த பிறகு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிந்தது இவ்வளவு, விட்டுப்போனதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கோபப்படுவார். படட்டும். தனியாக வைத்திருக்கும் தொகை மனத்துக்குள் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகும். தாளில் எழுதிய தொகை எழுதிய அளவிலேயே நிற்கும்.

அவர் பேசாமலும் தூங்காமலும் இருப்பதைச் சோம்பல் என்றோ கோபம் என்றோ நினைத்துவிடாதீர்கள். வீட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் இருக்கும் பூச்சிமருந்து டப்பாக்களை இன்றே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இருக்கிற எண்ணம் வெளியே வரும். அப்படி ஏதாவது சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உதவி எண்களான 104க்கும் 14416க்கும் எந்த நேரத்திலும் போன் செய்யலாம், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள். இதை அண்டை அயல் என்ன சொல்லும் என்ற யோசனைக்கே இடம் கொடுக்க வேண்டாம்.

தண்ணீர் வடிந்த மாக்களில் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே உளுந்து தெளித்துவிடுங்கள். மெஷின் அறுப்பு என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ விதை வேண்டும். தை கடைசி தாண்டினால் பயன் குறையும். ஆடுதுறை உளுந்து எழுபது நாளுக்குள் வந்துவிடும். விதை தெளிக்க அவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும், அது அவர் கைக்குத் தெரியும்.

கேள்வி: தொடர்ந்து நஷ்டம். நிலத்துக்கு ஈசானிய மூலையில் தோஷம் என்கிறார் ஒருவர். பரிகாரத்துக்கு இருபதாயிரம் கேட்கிறார். செய்யலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: சாமி கும்பிடுங்கள், பொங்கல் வையுங்கள், நானும் வைக்கிறேன். இருபதாயிரத்துக்குத் தொழுவுரம் வாங்கி ஈசானிய மூலையிலிருந்தே கொட்ட ஆரம்பியுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பா வைத்த 140 தென்னையில் இருபதைத் தவிர மற்றவை கஜா புயலில் விழுந்துவிட்டன. 2019இல் மறுபடி கன்று நட்டோம். பாளை விடும் நேரத்தில் காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்று பதினைந்து மரங்கள் பட்டுவிட்டன. திருப்பூரில் இருக்கும் அண்ணன் நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார். அம்மா கேட்டால் அழுகிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகர், பேராவூரணி

பதில்: தம்பி, உங்கள் பகுதியில் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிந்ததும் பார்த்ததை யாரும் மறக்க முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று போகிற வழியெல்லாம் தோப்புகள் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய் அரசு அறிவித்தது. ஒரு நெட்டை மரம் ஐம்பது அறுபது வருடம் காய்க்கும். அதற்கு 1,100 ரூபாய் என்பதைப் பற்றி அப்போதே நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு இப்போது முக்கியம் அந்த 500 ரூபாய்.

விழுந்த மரங்களை அந்தப் பணத்தில் முழுதாக அப்புறப்படுத்த முடியாமல் வேலி ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் தள்ளிவைத்தவர்கள் ஏராளம். மக்கிய தென்னந்தண்டும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டின் பிரசவ அறை. மேலே குருத்தில் நீங்கள் பார்க்கும் வண்டு, கீழே உங்கள் எருக்குழியிலேயே வளர்ந்ததாக இருக்கலாம். மண்வெட்டியை எடுத்து எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, வளைந்து சுருண்டு கிடக்கும் புழுக்கள் இருந்தால் அதுதான். கோழிகளை விடுங்கள், ஒன்றுகூட மிச்சம் வைக்காது. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை எருக்குழியில் கலந்தால் மிச்சமுள்ள புழுக்களுக்கு நோய் பிடித்துச் சாகும். மக்கிய தண்டுகளை எரித்துவிடுங்கள் அல்லது பிளந்து காய வையுங்கள்.

மரத்தில் செய்ய வேண்டியது தனி. விரிந்த மட்டையின் ஓலைகள் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல இருந்தால் வண்டு குருத்துக்குள் போயிருக்கிறது என்று பொருள். துளையில் மென்று துப்பிய நார் பிதுங்கி நிற்கும். கம்பியைவிட்டு வண்டைக் குத்தி எடுங்கள். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் என்று உள்குருத்தைச் சுற்றிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். அந்துருண்டை போடுவதும் பழக்கத்தில் இருக்கிறது, பலன் கொடுக்கிறது. வண்டு குத்திய காயத்தை அப்படியே விட்டால் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். தண்டில் பழுப்பாகச் சாறு வடிந்தால் அதன் வேலை தொடங்கிவிட்டது, அந்த மரத்தைக் காப்பாற்றுவது கடினம். பதினைந்து மரம் போனதற்கு இரண்டில் எது காரணம் என்று ஒரு மரத்தைப் பிளந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பார்த்தீர்களா?

விற்பனைக்கு வருவோம். அண்ணனுக்கு நிலம் வேண்டாமா, அல்லது பணம் வேண்டுமா? இரண்டும் ஒன்றில்லை. மகள் கல்யாணமோ வீட்டுக் கடனோ இருந்தால் அதற்கு ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகையைக் கேளுங்கள். உங்கள் பாகத்தில் கடன் வாங்கியோ, சாலை ஓரத்தில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தோ, அவர் பங்கை நீங்களே தவணையில் எடுத்துக்கொண்டோ தீர்க்கக்கூடிய தொகையாக இருக்கலாம். 140 மரம் என்றால் இரண்டு ஏக்கர்தான். அந்தத் தொகையைச் சொல்லாமல் "விற்றுவிடலாம்" என்பதும், காரணத்தைச் சொல்லாமல் அழுவதும் இரு பக்கமும் நடக்கிறது. இடையில் நீங்கள் நியாயம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், விற்பதாக இருந்தாலும் இந்த வருடம் விற்காதீர்கள். பட்டுப்போன மரம் நிற்கும் தோப்பைப் பார்க்க வருகிறவன் உங்கள் முகத்தையும் சேர்த்து விலை பேசுவான். 2025இல் தேங்காய் விலை ஏறிக் கிடந்தபோது, கஜாவுக்குப் பிறகு தோப்பைக் கைவிட்டவர்கள் பட்ட வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியாததில்லை. விலை அப்படியே நிற்கும் என்று நான் சொல்லவில்லை. மரங்கள் காய்க்கத் தொடங்கிய பின் பேசினால் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் லாபம். இடைவெளி 25 அடி இருக்கிறதல்லவா, அதில் வாழையோ தீவனப்புல்லோ போட்டு அதில் வருவதில் பாதியை அண்ணனுக்கு அனுப்புங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் மாதாமாதம் போகட்டும். நிலத்திலிருந்து ஒன்றுமே வராதவனுக்கு நிலத்தின் மேல் பற்று எங்கிருந்து வரும்?

கேள்வி: தக்காளி பெட்டிக்கு 90 ரூபாய்தான் கேட்கிறார்கள். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்து 80 ஆகிறது. நட்டதிலிருந்து ஏக்கருக்கு எழுபதாயிரம் செலவாகியிருக்கிறது. பறிப்பதா, உழுதுவிடுவதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: எழுபதாயிரத்தை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். பறித்தாலும் அது போனது, பறிக்காவிட்டாலும் போனது. இன்று உங்கள் கையில் இருப்பது பெட்டிக்கு 10 ரூபாய். செடியில் இன்னும் பூவும் பிஞ்சும் இருந்தால் பழுத்ததை மட்டும் பறித்துச் செடியைக் காப்பாற்றுங்கள், தக்காளி விலை இரண்டு வாரத்தில் தலைகீழாகும் சரக்கு. செடி ஓய்ந்துவிட்டதென்றால், இலைச்சுருட்டல் வேறு இருந்தால், உழுதுவிடுங்கள். விலை 80க்குக் கீழே இறங்கும் நாளில் யோசனையே வேண்டாம். சாலையில் கொட்டிப் படம் எடுக்க வேண்டாம். அடுத்த வயல்காரர் மாடுகளுக்குப் போடட்டும்.

கேள்வி: அக்கா, வேடசந்தூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர். கிணறு வற்றிவிட்டது. 700 அடியில் ஒரு போர், 950 அடியில் ஒரு போர் போட்டோம், இரண்டிலும் புகைதான் பறந்தது. இப்போது நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் தேங்காயைக் கையில் வைத்துப் பார்த்து வடகிழக்கில் நிச்சயம் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார். என் மகன் மருமகளின் நகையை அடகு வைத்து 1,200 அடி போடலாம் என்கிறான். நான் தடுத்தால் "உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை" என்கிறான்.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தடுங்கள், சகோதரி. நம்பிக்கை இல்லை என்று அவன் சொன்னால், "உன் மேல் இருக்கிறது, அந்தத் தேங்காய் மேல் இல்லை" என்று சொல்லுங்கள்.

உங்கள் ஊர் கடினப் பாறைப் பகுதி. அங்கே தண்ணீர் மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான் தங்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும், இருப்பதும் பாறையின் பாரத்தில் இறுகிக் கிடக்கும். 950 அடியில் கிடைக்காதது 1,200 அடியில் கிடைக்கவே கிடைக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அடி கூடக் கூட வாய்ப்பு குறைகிறது, செலவு கூடுகிறது. கேசிங் பைப், மோட்டார், கேபிள் எல்லாம் அதற்கேற்ப ஏறும். தண்ணீர் வந்தாலும் அத்தனை ஆழத்திலிருந்து கொஞ்சமாக வரும் தண்ணீரை வைத்து நான்கு ஏக்கரில் என்ன செய்வான்? மூன்றாவது போர் போடுகிறவர்கள் உண்மையில் தண்ணீரைத் தேடுவதில்லை. முதல் இரண்டு போரில் புதைந்த பணத்தைத் தேடுகிறார்கள். அந்தப் பணம் அங்கே இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒருவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நகை மருமகளுடையது. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? "கொடுத்துவிட்டாள்" என்று மகன் சொன்னால் அதை நம்ப வேண்டாம், நீங்களே தனியாகக் கேளுங்கள். பிறந்த வீட்டில் போட்ட நகை, அது அவளுடைய கடைசிக் கையிருப்பு. நாளைக்கு பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் எங்கே போவாள்? அவள் வாயால் "வேண்டாம்" என்று வந்துவிட்டால் உங்கள் மகனோடு நீங்கள் சண்டை போட வேண்டியதே இல்லை.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். பழைய கிணற்றைத் தூர்வாரி, நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டி, பெய்கிற மழையைக் கிணற்றுப் பக்கம் திருப்புவது மெதுவான வேலை, ஆனால் நகை கேட்காது. பண்ணைக்குட்டைக்கு அரசு உதவியும் உண்டு, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நான்கு ஏக்கரையும் தோட்டமாகவே வைத்திருப்பேன் என்ற பிடிவாதத்தை விட்டால், மூன்று ஏக்கர் மானாவாரிச் சோளத்துக்குப் போகலாம். தட்டை மாட்டுக்கு, மணி வீட்டுக்கு. இருக்கிற கொஞ்சத் தண்ணீர் அரை ஏக்கர் முருங்கைக்குச் சொட்டுநீரில் காணும். முருங்கை பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும், உங்கள் பக்கம் அதற்குச் சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது. மகனுக்கு இது தோல்வியாகத் தெரியும். மாடு பால் கொடுக்க ஆரம்பித்துச் சொசைட்டியில் பணம் கைக்கு வரும்போது அந்த எண்ணம் கொஞ்சம் மங்கும்.

புகை பறந்த அந்த இரண்டு குழிகளையும் மூடினீர்களா? சாக்கைக் கட்டி மேலே கல் வைப்பது மூடியது ஆகாது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத போர்க்குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க நாட்கணக்கில் போராடியும் முடியாமல் போனது. நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. கைவிட்ட குழியை அடியிலிருந்து மேல்வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்பது 2010இலேயே உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மகனை மண்வெட்டியோடு அனுப்புங்கள்.

கேள்வி: சென்னையில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நாற்பது வெள்ளாடுகள் வாங்கினேன். மூன்று சந்தைகளில் வாங்கியது. ஐப்பசி மழையில் வரிசையாகச் செத்து இப்போது பதினேழுதான் மிச்சம். "அப்போதே சொன்னேனே" என்று அப்பா தினமும் சொல்கிறார். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆட்டைப் பற்றியே விசாரிக்கிறார்கள். சென்னைக்கே திரும்பிவிடலாமா?
– வாசகர், இளையான்குடி

பதில்: எதனால் செத்தன என்று நீங்கள் எழுதவே இல்லை, தம்பி. அப்பா சொன்னது, ஊர் கேட்டது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆடு எப்படிச் செத்தது? காய்ச்சல், மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல் என்று நான்கைந்து நாள் நோயில் கிடந்து செத்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். வெவ்வேறு சந்தை ஆடுகளைத் தடுப்பூசி இல்லாமல் ஒரே பட்டியில் அடைத்தால் அது நெருப்பாகப் பரவும். காலையில் நன்றாக மேய்ந்த கொழுத்த ஆடு திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. மழைக்குப் பின் கிளம்பும் இளம்புல்லை அளவில்லாமல் மேய்ந்த ஆடுகளை அது பிடிக்கும், அதுவும் திடமான ஆடுகளையே முதலில் பிடிக்கும். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது, இரண்டும் வெவ்வேறு ஊசி. இனி ஓர் ஆடு செத்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். காது வில்லை போட்டு இன்சூரன்ஸ் செய்த ஆடாக இருந்தால் மருத்துவர் சான்றிதழ் இல்லாமல் ஒரு ரூபாய் வராது.

அப்பா முன்பே சொன்னாரா, சொன்னது சரியா என்பதெல்லாம் மிச்சமிருக்கும் பதினேழு ஆடுகளுக்குத் தெரியாது. அவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஊரார் கேட்டால் "இருபத்து மூன்று செத்தது, பதினேழு இருக்கிறது" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு கேட்க அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது? மழுப்பினால்தான் தினம் கேட்பார்கள்.

சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதை ஆடு செத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுச் செலவுக்கு இன்னும் எத்தனை மாதம் கையில் காசு இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால் வேலை தேடுங்கள். சென்னைதான் என்றில்லை, மதுரையிலோ காரைக்குடியிலோ கிடைத்தாலும் போதும். அப்பா ஆட்டைப் பார்த்துக்கொள்வார். வாயால் திட்டிக்கொண்டே தண்ணீர் காட்டும் ஆள் மாதிரிதான் உங்கள் கடிதத்தில் தெரிகிறார். செத்த கணக்கை ஈடுகட்ட இப்போது புதிதாக வாங்கவே வாங்காதீர்கள். வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பதினேழில் பெட்டைகள் பத்து இருந்தாலும் ஒரு வருடத்தில் பட்டி தானாகவே தெளியும். அதற்குப் பிறகு வாங்கினால் ஒரே இடத்தில், தெரிந்தவர் பட்டியில் வாங்குங்கள். வந்த ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள், தீவனத்தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும் தனி. அதற்குப் பெரிய கொட்டகை தேவையில்லை, நான்கு கம்பும் பத்து தென்னங்கீற்றும் போதும். புது ஆட்டின் மேல் பட்ட காற்று பட்டிக்கு வராத பக்கமாகப் போடுங்கள். தடுப்பூசி போட்ட தேதியை ஒவ்வோர் ஆட்டுக்கும் நோட்டில் எழுதி, அந்த நோட்டை அப்பாவிடம் கொடுத்து வையுங்கள்.